ஆறாத கட்டைவிரல்

வீட்டிலிருந்து
மார்ச் 4

மாப்பிள்ளைக்கு,

பதினான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். உன் அக்கா சொல்லி எழுதவில்லை. இப்படி ஒரு கடிதம் போவது அவளுக்குத் தெரியாது. என் கைபேசியில் உன் எண்ணைத் தடுத்து வைத்தது வைத்ததுதான், எடுத்துவிடும் உத்தேசம் இல்லை. அலுவலக மெயிலில் எழுதினால் அலுவலகம் படிக்கும், கப்பல் மெயிலில் அனுப்பினால் உன் கேப்டன் படிப்பார். அதனால்தான் காகிதம். துறைமுக ஏஜென்ட் உன்னிடம் கொண்டுவந்து கொடுப்பார்.

என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், என் மேலதிகாரிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, "அத்தானுக்கு என்ன, கடலே இல்லாத நாட்டோட கொடியைக் கப்பலுக்கு வாடகைக்கு விடுற கடையில கணக்குப்பிள்ளை" என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. அவரும் மறக்கவில்லை. அன்றைக்குச் சிரித்தார். அடுத்த வருடம் எனக்கு வர வேண்டிய நாற்காலியை இன்னொருவனுக்குக் கொடுத்தார். கடல் இல்லாத நாடாக இருந்தால் என்ன? உலகக் கப்பல்களில் ஆயிரத்து முந்நூறு எங்களிடம் பதிவாகி எங்கள் கொடியின் கீழ் ஓடுகின்றன, அதில் உன்னுடையதும் ஒன்று. அந்தக் கொடிக்காகச் சர்வதேசக் குழுவில் தொழில்நுட்ப ஆலோசகனாகப் பேசுகிறவன் நான்.

எழுதக் காரணம் ஒரு நல்ல செய்தி. மரக்கட்டையோ நிலக்கரியோ ஏற்றிக் கப்பலின் சரக்கறையை, அந்த ஹோல்டை, மூடிவைத்தால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துபோகும், இறங்குகிறவன் பாதி ஏணியிலேயே விழுவான் என்பது உனக்குத் தெரிந்ததுதான். ஒவ்வொரு ஹோல்டு ஏணியின் அடியிலும் காற்றை அளக்கும் கருவியை நிரந்தரமாகப் பொருத்தி, மேலே மூடியருகே சிவப்பு விளக்கு வைக்க வேண்டும் என்று நாலு நாடுகள் தீர்மானம் கொண்டுவந்தன. அதில் ஒரு நாடு அந்தக் கருவியைத் தயாரிக்கிற நாடு. கேட்கவா வேண்டும்.

கருவி தேவையில்லை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் மீட்புப் பயிற்சியே போதும், எங்கள் கப்பல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு ஒழுங்காகச் செய்கின்றன என்று நான் பதில் சொன்னேன். சான்றாக ஒரு கப்பலின் ஒரு வருடப் பயிற்சிப் படங்கள் ஆறையும் பெரிய திரையில் போட்டேன். எது சிறந்த கப்பல் என்று உங்கள் கம்பெனியிடம் கேட்டபோது அவர்கள் அனுப்பியது உன் கப்பலின் படங்களை. ஒவ்வொன்றின் கீழும் சீஃப் ஆபிசர் என்று உன் கையெழுத்து. முந்நூறு பேர் உட்கார்ந்த மண்டபத்தில் கைதட்டினார்கள். தீர்மானத்தை இரண்டு வருடத்துக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

வாய்க்கொழுப்பு இருந்தாலும் வேலை தெரிந்தவன் என்று நினைத்துக்கொண்டேன். உன்மேல் இருந்த கோபத்தில் கால் பங்கு அன்று குறைந்தது.

அத்தான்


கப்பலில், நங்கூரத்தில்
மார்ச் 19

அத்தானுக்கு,

கால் பங்கு கோபம் குறைந்ததற்கு நன்றி. இதைப் படித்துவிட்டு அதைத் திரும்ப ஏற்றிக்கொள்ளுங்கள்.

அந்த ஆறு படங்களும் ஒரே ஞாயிற்றுக்கிழமை எடுத்தவை. மத்தியானம் இரண்டு பத்துக்கு ஆரம்பித்து மூன்று இருபத்தைந்துக்கு முடித்தோம். ஜனவரிக்கு மஞ்சள் ஹெல்மெட், மார்ச்சுக்கு வெள்ளை. மே மாதத்துக்குச் சட்டைக் கையை மடித்துவிட்டோம், வெயில் காலமாம். நவம்பருக்கு டெக்கில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி மழை பெய்ய வைத்தோம். ஸ்ட்ரெச்சரில் மயங்கிக் கிடப்பவர் ஆறிலும் போசன்தான். டெக் ஆட்களுக்கெல்லாம் மூத்தவர், ஆளும் எடை குறைவு, தூக்குவதற்குச் சுலபம். நாலாவது படத்தில் அவர் நிஜமாகவே தூங்கிவிட்டார்.

ஏன் இப்படி என்று கேட்பீர்கள். பயிற்சி செய் என்பது உங்கள் சட்டம். ஆட்களுக்குப் பத்து மணி நேரம் ஓய்வு கொடு என்பதும் உங்கள் சட்டம். இத்தனை பேர் போதும், இதற்கு மேல் ஆள் வேண்டாம் என்று கப்பலுக்குச் சான்றிதழ் கொடுத்ததும் உங்கள் கடைதான். மூன்றையும் ஒரே நாளில் கடைப்பிடிக்க வேண்டுமானால் நாளுக்கு முப்பது மணி நேரம் வேண்டும். அதையும் கைதட்டி நிறைவேற்றி அனுப்புங்கள், சந்தோஷமாகக் கடைப்பிடிக்கிறோம்.

நம்பிக்கை இல்லையென்றால் படங்களை எடுத்துப் பாருங்கள். ஸ்ட்ரெச்சரின் இடது கால்பக்கம் பிடித்திருப்பவன் எங்கள் ஃபிட்டர். குழாய், ஏணி, கைப்பிடி எது உடைந்தாலும் அவன்தான். அவனுடைய வலது கட்டைவிரலில் நீலக்கட்டு இருக்கும். கிரைண்டரில் பட்ட காயம், நாலு நாளில் ஆறிவிட்டது. உங்கள் மண்டபத்தில் மட்டும் அது ஜனவரியிலிருந்து நவம்பர் வரை ஆறவில்லை. பதினோரு மாதம் ஆறாத விரலை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிப் போட்டும் முந்நூறு பேரில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. இவர்கள்தான் எங்கள் உயிரைப் பாதுகாக்கச் சட்டம் எழுதுகிறவர்கள்.

போசன் அன்றைக்கு ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே சொன்னார்: "ஆறு தடவ காப்பாத்திட்டீங்க சார். ஏழாவது தடவ நிஜமாவே செத்தா எவனும் நம்ப மாட்டான்." எல்லோரும் சிரித்தோம்.

அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். சொல்ல மாட்டீர்கள், தெரியும்.

மச்சினன்


வீட்டிலிருந்து
ஏப்ரல் 2

மாப்பிள்ளைக்கு,

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பொய்ப்படம் எடுத்தது நீ, கையெழுத்துப் போட்டது நீ, மட்டம் நாங்களா? முந்நூறு பேரும் உன் கையெழுத்தை நம்பினார்கள். ஒரு கப்பல் அதிகாரியின் கையெழுத்தை நம்புவது முட்டாள்தனம் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

படங்களைப் பார்த்தேன். விரல் இருக்கிறது. உன் அக்காவிடம் ஒன்றும் சொல்லாமல் லேப்டாப்பில் ஆறையும் வரிசையாகக் காட்டினேன். அரை நிமிஷம் ஆகியிருக்காது. "இவன் கைல ஏன் எல்லாத்துலயும் கட்டு?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு உன் கடிதத்தை என் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. மூன்று நாளாக இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை.

குழு என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். அங்கே யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை. எங்கள் கொடிக்கு ஆறு நாற்காலி. நாலில் கப்பல் கம்பெனி ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒன்றில் என் மேலதிகாரி, ஒன்றில் நான். பக்கத்து நாட்டுக்கும் அப்படித்தான். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். முடிவுகள் காபி இடைவேளையில் ஆகின்றன, மண்டபத்தில் அவற்றை வாசிக்கிறோம். இதில் ஒரு ஃபிட்டரின் விரலைத் தேடிப் பார்ப்பதற்கு யாருக்கும் சம்பளம் கிடையாது. அசிங்கம்தான். பதினொரு வருடமாக இந்த அசிங்கத்துக்குள் உட்கார்ந்து, இரண்டு நல்ல சட்டமாவது கொண்டுவந்திருக்கிறேன். வெளியே நின்று காறித் துப்புகிறவர்கள் ஒன்றும் கொண்டுவரவில்லை.

இனிமேல் இப்படியெல்லாம் காகிதத்தில் எழுதாதே. எழுதியதைக் கிழித்துவிட்டேன் என்று வைத்துக்கொள். தீர்மானம் இரண்டு வருடம் கழித்துத்தான் வரும். அதற்குள் நீ ஒழுங்காக ஆறு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி நடத்திப் படம் எடு. யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை.

அத்தான்


கப்பலில், துறைமுகத்தில்
ஏப்ரல் 27

அத்தானுக்கு,

ஃபிட்டர் இறந்துவிட்டான். இருபத்தொன்றாம் தேதி, காலை பத்து மணிக்கு, மூன்றாம் நம்பர் ஹோல்டு ஏணியில். மரக்கட்டை ஏற்றி வந்திருந்தோம். சரக்கு இறக்குவதற்கு முன்னால் துறைமுக ஆய்வாளர் மேலேயிருந்தே எட்டிப் பார்த்து, ஏணியில் ஒரு படி வளைந்திருக்கிறது, அதைச் சரிசெய்தால்தான் என் ஆட்களை இறக்குவேன் என்று சொல்லிவிட்டார். ஃபிட்டர் இறங்கினான். ஏழாவது படியில் அவன் கை விட்டுப்போனது.

போசன் அவனைத் தூக்க ஓடினார். நான் அவரைக் கீழே தள்ளி அவர் மார்பின்மேல் உட்கார்ந்துகொண்டேன். வேறு வழி இல்லை, இறங்கினால் அவரும் போயிருப்பார். "விடு சார், கண்ணு தெறந்துதான் இருக்கான்" என்று கத்திக்கொண்டே இருந்தார். மூச்சுக் கருவி மாட்டிக்கொண்டு இரண்டு பேர் இறங்கி அவனை மேலே கொண்டுவர முப்பத்தைந்து நிமிடம் ஆனது. அந்தக் கருவியை யாரும் பயிற்சியில் ஒரு முறைகூட மாட்டிப் பார்த்ததில்லை. படத்தில் கையில் பிடித்திருந்ததோடு சரி.

உங்கள் கொடியிலிருந்து விசாரணை அதிகாரி ஒருவர் வந்தார். கப்பலில் இரண்டு மணி நேரம் இருந்தார், அதில் ஒன்றரை மணி நேரம் கேப்டன் அறையில். ஏணியருகே நின்று கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அவரோடு வந்த கம்பெனி ஆள் ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். உள்ளே நம் ஆறு படங்கள். இந்த மனிதன் ஒரே வருடத்தில் ஆறு முறை பயிற்சி எடுத்தவன், ஆபத்து இன்னதென்று நன்றாகத் தெரிந்தவன், தெரிந்தும் இறங்கினான், ஆகவே சாவுக்குக் காரணம் அவனுடைய சொந்த அஜாக்கிரதை. இப்படித்தான் எழுதப் போகிறார்களாம். அவன் மனைவிக்கு ஃபோனில் சொல்லியும் விட்டார்கள்.

அந்தச் சிவப்பு விளக்கு இருந்திருந்தால் அவன் இறங்கியிருக்க மாட்டான். அதைத் தள்ளிப்போட நீங்கள் காட்டிய அதே படங்களை வைத்து, இப்போது அவன்மேலேயே பழியைப் போடுகிறார்கள். வேலிக்கு ஓணான் சாட்சி.

ஜூன் மாதம் உங்கள் குழு மறுபடி கூடுகிறது. எழுந்து நின்று, அந்தப் படங்கள் பொய் என்று சொல்லுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை. பதினொரு வருடமாக உள்ளே உட்கார்ந்திருப்பதாக எழுதினீர்கள். இதற்காகவாவது எழுந்திருங்கள்.

மச்சினன்


வீட்டிலிருந்து
மே 11

மாப்பிள்ளைக்கு,

செய்தி தெரிந்த அன்று உன் அக்கா அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தவள்தான். உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பத்து முறை சொன்ன பிறகே எழுந்தாள். இதை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு எழுதப்போவதைப் படித்துவிட்டு நான் மனிதனே இல்லை என்று நீ சொல்லலாம்.

விசாரணைக் கோப்பு என் மேசைக்கு வந்திருக்கிறது. தொழில்நுட்ப ஆலோசகன் கையெழுத்துப் போட்ட பிறகே அது அறிக்கையாகும். நூற்றுப் பதினாறு பக்கம், எல்லாவற்றையும் படித்தேன். எண்பத்திரண்டாம் பக்கத்தில் ஒரு அனுமதிச் சீட்டு இருக்கிறது. ஹோல்டுக்குள் ஆள் இறங்குவதற்கு முன் காற்றை அளந்து, அளவைக் குறித்து, அதிகாரி கையெழுத்திட வேண்டிய சீட்டு. தேதி ஏப்ரல் இருபத்தொன்று. நேரம் காலை ஒன்பது ஐம்பது. ஆக்சிஜன் அளவு இருபது புள்ளி ஒன்பது. நல்ல வெளிக்காற்றில் இருக்கிற அதே அளவு. கீழே உன் கையெழுத்து.

ஒன்பது ஐம்பதுக்கு வெளிக்காற்று மாதிரி இருந்த ஹோல்டில் பத்து மணிக்கு ஒருவன் எப்படி மூச்சடைத்துச் செத்தான்? கோப்பின் நாற்பதாம் பக்கத்தில் பதில் இருக்கிறது. உன் கப்பலின் அளவுக்கருவி மார்ச் முப்பதாம் தேதியே பழுதுபார்க்கக் கரைக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. கருவியே இல்லாமல் நீ காற்றை அளந்திருக்கிறாய்.

எனக்கு இத்தனை பக்கம் எழுதினாய். என் குழு, என் கொடி, என் சட்டம், எல்லாவற்றையும் எழுதினாய். இந்தச் சீட்டைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. ஊருக்குத்தான் உபதேசம் போலிருக்கிறது.

இப்போது கேட்டுக்கொள். அந்தப் படங்கள் பொய் என்று நான் மண்டபத்தில் சொன்னால் கேட்கப்போகிற முதல் கேள்வி, கையெழுத்து யாருடையது என்பது. அடுத்து இந்தச் சீட்டைத் தோண்டுவார்கள். உன் அதிகாரிச் சான்றிதழ் போகும், ஜெயிலும் வரலாம். நான் வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டால் எல்லாப் பழியும் செத்தவனோடு போகும். அவனை யாரும் ஜெயிலில் போட முடியாது. கேட்கக் கேவலமாக இருக்கிறதா? எழுதவும் கேவலமாகத்தான் இருக்கிறது. உன் அக்காவுக்கு இருப்பது ஒரே தம்பி.

ஜூன் பத்தாம் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். வாயை மூடிக்கொண்டு இரு.

அத்தான்


துறைமுகத்தை ஒட்டிய மாலுமிகள் விடுதி, அறை 9
மே 24

அத்தானுக்கு,

கப்பலிலிருந்து இறக்கிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை இந்த அறையில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கட்டில், ஒரு மேசை, பூட்டாத ஜன்னல். எழுதுவதற்கு நேரம் நிறைய இருக்கிறது.

நீங்கள் எழுதியது சரி. சீட்டைப் பற்றி எழுதாதது என் கோழைத்தனம். நீங்கள் கண்டுபிடிக்க மாட்டீர்கள் என்று நினைத்தேன். விரலையே பார்க்காதவர் எண்பத்திரண்டாம் பக்கம்வரை எங்கே படிக்கப்போகிறார் என்று உங்களை மட்டமாக எடைபோட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

நடந்தது இதுதான். கருவி கரைக்குப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. மாற்றுக் கருவி கேட்டு இரண்டு முறை எழுதினேன், அடுத்த துறைமுகத்தில் வரும் என்றார்கள். சீட்டுப் புத்தகத்தில் நாங்கள் எப்போதும் இருபது புள்ளி ஒன்பது என்றுதான் எழுதுவோம். பழைய பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள், முந்நூறு பக்கத்திலும் அதே எண். எனக்கு முன்னால் இருந்தவனும் அதையே எழுதினான். அந்த எண்ணை எழுத யோசிக்கவே வேண்டியதில்லை, கை பாட்டுக்கு எழுதிவிடும். அன்றைக்கும் எழுதிவிட்டது. கீழே கிரேன்காரர்கள் காத்திருந்தார்கள், கேப்டன் வாக்கிடாக்கியில் மூன்று முறை கேட்டுவிட்டார்.

ஃபிட்டர் மூடியருகே நின்று கையுறை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்தான். "காத்து பாத்தாச்சா சார்?" என்றான்.

"பாத்தாச்சு, எறங்கு" என்றேன்.

அவனா அஜாக்கிரதை? அவன் கேட்டான். கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டான். அந்தக் கப்பலில் சட்டப்படி நடந்தவன் அவன் ஒருவன்தான். அவனைத்தான் குற்றவாளி என்று எழுதி, கீழே நீங்கள் கையெழுத்துப் போடப்போகிறீர்கள், என்னைக் காப்பாற்ற.

வேண்டாம் அத்தான். இப்படிக் காப்பாற்றினால் ஆயுசுக்கும் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாது, கண்ணாடியில் என் முகத்தையும்தான். இந்த உறைக்குள் மூன்று பொருள் வைத்திருக்கிறேன். ஒன்று, இதையெல்லாம் எழுதிக் கையெழுத்திட்ட வாக்குமூலம். இரண்டு, கேமராவில் இருந்த அசல் படங்கள். ஒவ்வொன்றிலும் எடுத்த நேரம் நிமிடத்தோடு இருக்கிறது. மூன்று, என் அதிகாரிச் சான்றிதழ். போய்விடும் என்று பயந்தீர்களே, அதை நானே அனுப்பிவிட்டேன். இனி என் பெயரைச் சொல்லி நீங்கள் உட்கார்ந்திருக்க முடியாது. உட்கார்ந்தால் அது உங்கள் நாற்காலிக்காக மட்டும்தான்.

அக்காவிடம் முழுக் கடிதத்தையும் கொடுங்கள்.

மச்சினன்


வீட்டிலிருந்து
ஜூன் 30

மாப்பிள்ளைக்கு,

உறை வந்த அன்று நான் வீட்டில் இல்லை. உன் அக்கா பிரித்துப் படித்துவிட்டாள். நான் வந்ததும் சான்றிதழை மட்டும் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "அவன் வச்சிட்டான். நீங்க என்ன வைக்கப்போறீங்க?" என்றாள். சான்றிதழை நகர்த்தாமல் சாப்பிட்டு முடித்தேன். எத்தனையோ நாட்டு மந்திரிகளுக்குப் பதில் சொன்னவன் நான்.

கோப்பில் நான் கையெழுத்துப் போடவில்லை. உன் வாக்குமூலத்தையும் அசல் படங்களையும் பக்க எண் போட்டு உள்ளே சேர்த்துவிட்டேன். இனி யாரும் உருவியெடுக்க முடியாது. பன்னிரண்டாம் தேதி குழு கூடியது. பயிற்சிப் பதிவுகள் பற்றிப் பேச என் முறை வந்தபோது, அதே ஆறு படங்களைத் திரும்பவும் திரையில் போட்டேன். பழைய கதைதானே என்று பாதிப் பேர் தலையைத் தூக்கவில்லை. எழுந்து போய்த் திரைக்கு அருகே நின்றேன். ஜனவரி, கட்டைவிரலைத் தொட்டுக் காட்டினேன். மார்ச், கட்டைவிரல். மே. ஜூலை. செப்டம்பர். நவம்பர். பிறகு, இந்த விரலுக்குச் சொந்தக்காரர் ஏப்ரல் இருபத்தொன்றாம் தேதி இறந்துவிட்டார், பிப்ரவரியில் இந்த மண்டபத்தில் நான் சொன்னது பொய், என்றேன். என் மேலதிகாரி மைக்கை அணைக்கச் சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

கண்ணாடி அறைக்குள் இருந்து மொழிபெயர்க்கும் பெண் ஒருத்தி பாதியில் பேச்சை நிறுத்திவிட்டாள். அந்த மொழிக்காரர்கள் காதுக் கருவி கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தார்கள். மண்டபத்தில் யாருக்காவது உறைத்தது என்றால் அவளுக்குத்தான்.

தலைவர், சுவாரசியமான கருத்துக்கு நன்றி என்று சொல்லிக் காபி இடைவேளை விட்டார். இனி நடந்ததைக் கேள். திரும்பி வந்து இரண்டு மணி நேரத்தில், ஒரு எதிர்ப்புகூட இல்லாமல், புதிய விதி ஒன்றை நிறைவேற்றினார்கள். பதினொரு வருடத்தில் இப்படி ஒரு வேகத்தை நான் பார்த்ததில்லை. விதி என்ன தெரியுமா? இனி வருடத்துக்கு ஆறு படம் போதாது, பன்னிரண்டு வேண்டும். ஒவ்வொன்றிலும் தேதியும் நேரமும் தெளிவாகத் தெரிய வேண்டும். கருவியும் சிவப்பு விளக்கும் அதே இரண்டு வருடம் கழித்துத்தான். கைதட்டினார்கள். நானும் ஒரு காலத்தில் இவர்களோடு உட்கார்ந்து கைதட்டினவன். நீ அன்று சாப்பாட்டு மேசையில் சொன்னது குறைவு. கணக்குப்பிள்ளையாவது கணக்கைப் பார்ப்பான்.

மறுநாள் காலை என் மேசையைக் காலிசெய்யச் சொன்னார்கள். அறிக்கையில் வேறொருவன் கையெழுத்துப் போட்டான். ஆனால் உன் வாக்குமூலம் கோப்பில் ஏறிவிட்டதால் "சொந்த அஜாக்கிரதை" என்ற வரியை அடித்தே ஆக வேண்டியதாகிவிட்டது. அதற்குப் பதில் உன் பெயர் இருக்கிறது. உன் சான்றிதழை மூன்று வருடத்துக்கு முடக்கியிருக்கிறார்கள். அந்தத் துறைமுகத்துப் போலீஸ் வழக்குப் போடுமா என்று இன்னும் தெரியவில்லை. போட்டால் நான் வந்து உன் பக்கத்தில் உட்காருவேன்.

ஃபிட்டரின் மனைவிக்கு அறிக்கையின் அந்தப் பக்கத்தை அனுப்பி, கூடவே ஒரு கடிதமும் எழுதினேன். நாலு வரிதான். எழுத ஒரு பகல் முழுக்க ஆனது.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன்.

அத்தான்


வாடகை அறையிலிருந்து
செப்டம்பர் 9

அத்தானுக்கு,

நேற்று ஃபோனில் அக்கா நடுவில் புகுந்துவிட்டதால் சொல்ல முடியாமல் போனதை எழுதுகிறேன். அவள் அழுவாள் என்று நினைத்துத்தான் நிறுத்தினேன். இதை நீங்களே படித்துவிட்டுப் பிறகு அவளிடம் கொடுங்கள்.

வழக்குக்கு இன்னும் தேதி வரவில்லை. பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்து, கூப்பிட்டால் வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கிடங்கு ஒன்றில் லாரியில் ஏற்றும் பெட்டிகளுக்குக் கயிறு சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்க்கும் வேலை. ஒவ்வொரு கயிற்றையும் கையால் இழுத்துப் பார்க்கிறேன். கூட வேலை செய்கிறவர்களுக்கு எரிச்சல்.

போன வாரம் ஃபிட்டர் வீட்டுக்குப் போனேன். உங்கள் கடிதத்தை அவன் மனைவி மடித்து அலமாரியில் வைத்திருக்கிறார்கள். நான் யார் என்று சொன்னேன், அவன் என்னிடம் என்ன கேட்டான், நான் என்ன பதில் சொன்னேன் என்று சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. பிறகு உள் அறைக் கதவை முழுசாகத் திறந்துவிட்டு, "இன்னொரு தடவ சொல்லுங்க. என் மாமனார் காதுல விழற மாதிரி சொல்லுங்க" என்றார்கள். மகன் கவனமில்லாமல் செத்தான் என்று ஏப்ரலிலிருந்து நம்பிக்கொண்டு, உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டியும் மனம் மாறாமல், அந்தப் பெரியவர் யாரிடமும் பேசாமல் படுத்திருந்தாராம். கட்டில் அருகே நின்று, சத்தமாக, முதலிலிருந்து சொன்னேன். அவர் என்னைத் திட்டினார். நன்றாகத் திட்டினார். நாலு மாதத்தில் அவர் பேசிய முதல் பேச்சு அது என்று வாசல்வரை வந்து அந்த அம்மா சொன்னார்கள்.

இன்னொன்று. போசனிடமிருந்து நேற்று செய்தி வந்தது. உங்கள் புதிய விதி கப்பலுக்கு வந்து சேர்ந்துவிட்டது. புது சீஃப் ஆபிசர் போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரையும் டெக்குக்குக் கூப்பிட்டாராம். கேமராவில் தேதியை மாற்ற அரை நிமிடம் போதும். கடந்துபோன பன்னிரண்டு மாதத்துக்கும் சேர்த்துப் பன்னிரண்டு படம், ஒன்றரை மணி நேரம். மழைக்கு இப்போது மூன்று வாளி.

ஸ்ட்ரெச்சரில் படுப்பதற்கு முன்னால் போசன் மருந்துப் பெட்டியைத் திறந்து, தன் வலது கட்டைவிரலில் நீலக்கட்டுப் போட்டுக்கொண்டாராம். காயம் ஒன்றும் கிடையாது. சமையல்காரர் அதைப் பார்த்துத் தானும் ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு பெயிண்ட் அடிக்கிறவன், எஞ்சின் அறைக்காரர்கள், எல்லோரும். புது சீஃப் ஆபிசர் கவனிக்கவே இல்லை. பன்னிரண்டு படத்திலும், போன செப்டம்பரிலிருந்து இந்த ஆகஸ்ட் வரை, பதினொரு பேருடைய வலது கட்டைவிரலிலும் நீலக்கட்டு. எனக்கு அனுப்பியிருக்கிறார், உங்களுக்கும் அனுப்புகிறேன்.

கம்பெனி அவற்றைச் சிறந்த கப்பலின் படங்கள் என்று உங்கள் பழைய அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டதாம். அடுத்த கூட்டத்தில் பெரிய திரையில் போடுவார்கள். அக்காவை அந்த மண்டபத்தில் ஒரு நாள் உட்கார வைக்க முடியுமா என்று பாருங்கள்.

மச்சினன்